தூங்கும் பூனையைப் பார்க்கத் தெரிய வேண்டும்

புதிதாகப் பூனை வளர்க்கத் தொடங்கிய பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். "தாத்தா, தூக்கத்துலயே கால உதறுது, மீசை துடிக்குது, வாய மெல்லுது. வலிப்பா இருக்குமோ?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "பேரச் சொல்லிக் கூப்பிட்டியாம்மா? என்ன செஞ்சுது?" கண்ணைத் திறந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, திரும்பவும் சுருண்டு படுத்துக்கொண்டது என்று பதில் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அது கனவு. இனிமேல் எழுப்பாதே, தூங்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.

எல்லா வீட்டிலிருந்தும் அந்தப் பதில் வருவதில்லை. சில வீடுகளில் உண்மையான வலிப்பைக் கனவு என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் நல்ல தூக்கத்தை நோய் என்று பயந்து, ஒன்றுமறியாத பூனையைக் கூடையில் அடைத்து வெயிலில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நம்மோடு வாழும் உயிர் சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று நாம் பார்த்து வைத்திருப்பதில்லை.

பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். அதில் பெரும்பகுதி கோழித்தூக்கம். காது மட்டும் விழித்திருக்கும். நடுநடுவே வேறொரு தூக்கம் வரும். உடம்பு முழுக்கத் துவண்டுவிடும். மூடிய இமைக்குள் கண்மணி ஓடும். மூச்சு சீரில்லாமல் போகும். பிரான்சில் லியோன் நகரத்து ஆராய்ச்சியாளர் மிஷெல் ஜூவே 1959-ல் பூனைகளிடம் இதைக் கண்டு விளக்கினார். மூளையின் மின்னலைகள் விழித்திருப்பது போல ஓடுகின்றன, தசைகளோ அடியோடு தளர்ந்து கிடக்கின்றன. அதனால் முரண் தூக்கம் என்று பெயர் வைத்தார். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற இடத்தில் ஒரு சிறு பகுதியை அவர் சேதப்படுத்தியபோது, அந்தப் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்தன, பதுங்கின, கண்ணுக்குத் தெரியாத இரையின் மீது பாய்ந்தன. தூங்கும் உடம்பை மூளைத்தண்டு தறியில் கட்டிய மாட்டைப் போலப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டையும் மீறி வருவதுதான் நாம் பார்க்கும் மீசைத் துடிப்பும் விரல் நடுக்கமும். வாயில்லாத ஜீவன்களை வருத்திப் பெற்ற அறிவு இது. பூனை வளர்ப்பவர்களாவது இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நியாயமில்லை.

கனவுத் துடிப்பு சின்னதாக இருக்கும், விட்டு விட்டு வரும், ஒழுங்கில்லாமல் வரும். ஒரு பாதம் துடிக்கும், நின்றுவிடும்; பிறகு காது; பிறகு வால் நுனி. அந்த நேரத்தில் காலை மெல்லத் தொட்டால் துவண்டு தொங்கும். குட்டிகளுக்கு இது நிறையவே இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வலிப்பு வேறு மாதிரி. உடம்பு முதலில் விறைக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நாலு காலும் கட்டை போல நீளும். பிறகு தண்ணீரில் நீந்துவது போல ஒரே தாளத்தில் கால்கள் அடிக்கும். தாடை கடகடவென்று அடித்துக்கொள்ளும், எச்சில் ஒழுகும். பெரும்பாலும் கண் திறந்தே இருக்கும், கண்மணி அகலமாக விரிந்திருக்கும், ஆனால் பார்வை யார் மேலும் நிற்காது. பெயர் சொன்னாலும் கை தட்டினாலும் அது திரும்பாது. பல நேரம் இருந்த இடத்திலேயே சிறுநீரும் மலமும் போய்விடும். சாதாரணமாக இது ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும், பார்ப்பவருக்கு அரை மணி நேரம் போலத் தோன்றினாலும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், வலிப்பும் பூனை ஓய்ந்து படுத்திருக்கும்போதும் தூங்கி விழிக்கும்போதும்தான் அதிகம் வருகிறது. ஆகவே தூங்கிக்கொண்டுதானே இருந்தது என்பது ஒரு ஆறுதலாகாது.

என்னைக் கேட்டால், நடுவில் நடப்பதைவிடப் பின்னால் நடப்பதைப் பார்க்கச் சொல்வேன். கனவு கண்ட பூனை எழுந்தால் அதே பழைய பூனைதான். சோம்பல் முறிக்கும், தட்டைப் போய் முகர்ந்து பார்க்கும். வலிப்பு வந்த பூனை எழுந்ததும் வீட்டையே அடையாளம் தெரியாதது போல நிற்கும். தள்ளாடும், சுவரில் முட்டும், அறையைச் சுற்றிச் சுற்றி வரும். சில பூனைகளுக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது. சில பசி பிடித்தது போலத் தின்னும். சில கட்டிலடியில் போய் ஒளிந்துகொண்டு, வளர்த்தவரையே பார்த்துச் சீறும். நிமிடங்களில் தெளியலாம், ஒரு நாள் வரைகூட நீளலாம். உறங்கும் பூனை சிறுநீரிலோ எச்சிலிலோ நனைந்திருக்கிறதா, எழுந்த பூனை உங்களை அடையாளம் கண்டுகொள்கிறதா என்ற இரண்டையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு வகை உண்டு. அதைக் கண்டுபிடிப்பது கடினம். பூனை விழித்தே இருக்கும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும், எச்சில் வடியும், அல்லது கல்லாகச் சமைந்து ஒரு இடத்தையே பார்க்கும், திடீரென்று துரத்தப்பட்டது போல ஓடும். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பு அது. வயதான பூனைகளுக்கு ஒலியாலும் வலிப்பு வருவதுண்டு. அலுமினியத் தாளைக் கசக்கும் சத்தம், பீங்கான் கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம் போன்றவை போதும். பிரிட்டனின் மருத்துவர்கள் 2015-ல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அப்பூனைகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே காது மந்தம் என்பது வியப்பான செய்தி. காது கேளாத பூனையிடம் கூப்பிட்டுப் பார்க்கும் சோதனை பலிக்காது. படுக்கை விரிப்பை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும்.

வலிப்பு தானாக வருவதும் உண்டு, ஒன்றின் அறிகுறியாக வருவதும் உண்டு. சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு, மூளைக் கட்டி, இன்சுலின் போடும் பூனைக்குச் சர்க்கரை இறங்குவது என்று பட்டியல் நீளம். அது மருத்துவர் வேலை. ஆனால் இரண்டு காரணங்கள் நம் கையில் இருக்கின்றன. நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனையின் கழுத்தில் விடுவது ஒன்று. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். மற்றொன்று கடற்கரை ஊர்க்காரர்களுக்கு. பூனைக்கு மீன்தானே என்று பச்சை மீனை மட்டுமே போட்டு வளர்ப்பார்கள். சில மீன்களில் தையமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. நாள்பட அந்த வைட்டமின் தீர்ந்து, தலை முன்னால் தொங்கி, நடை தள்ளாடி, வலிப்பில் முடியும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். அப்போதும் மீன் ஒன்றே சாப்பாடாகக் கூடாது.

மீன் தின்ற பூனைகளைப் பற்றிச் சொல்லும்போது மினமாட்டாவைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள கடலோர ஊர் அது. 1950-களில் அங்கே பூனைகள் தள்ளாடின, சுழன்று ஓடின, வலிப்பில் விழுந்து செத்தன. ஊரார் பூனைகள் ஆடுகின்றன என்று சொன்னார்கள். சிசோ நிறுவனத்தின் ரசாயனத் தொழிற்சாலை விட்ட கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் மீனுக்குள் போய், மீனிலிருந்து பூனைக்கும் மீனவருக்கும் போய்க்கொண்டிருந்தது. 1956 மே 1 அன்றுதான் மனிதரிடம் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதைத் தெரிவித்த தொழிற்சாலை மருத்துவர் ஹஜிமே ஹொசோகாவா, 1959-ல் ஆலைக் கழிவையே ஒரு பூனையின் சாப்பாட்டில் கலந்து கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிட்ட அந்தப் பூனைக்கும் அதே வலிப்பு வந்தது. நிறுவனம் அதை வெளியில் சொல்லவில்லை. கழிவு நின்றது 1968-ல். ஆட்டம் என்று பார்த்ததை நோய் என்று பார்த்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பூனையைப் பிடித்து அமுக்காதீர்கள். மோதும் பொருளை நகர்த்துங்கள். படிக்கட்டுப் பக்கம் இருந்தால் மட்டும் ஒரு துணியோடு சேர்த்து இழுத்து விடுங்கள். விளக்கையும் டிவியையும் அணையுங்கள். வாயில் விரலை விடாதீர்கள். நாக்கை விழுங்கிவிடும் என்பது பொய், கடித்துவிடும் என்பது மெய். வலிப்புக்குக் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் மனிதருக்கே பயன் இல்லை. தண்ணீர் ஊற்றாதீர்கள், முழுத் தெளிவு வரும்வரை எதுவும் ஊட்டாதீர்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் செல்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும் நேரத்தில் பூனை சாதுவாக உட்கார்ந்திருக்கும். அந்தப் படம்தான் உங்களுக்காகப் பேசும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

மருந்து இருக்கிறது. பீனோபார்பிட்டால் பல பூனைகளை வருடக்கணக்கில் நன்றாக வாழவைத்திருக்கிறது. அதை மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, சரியாகிவிட்டது என்று நீங்களே திடீரென நிறுத்தவும் கூடாது. பாட்டிக்குக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட மாத்திரைகளில் ஒன்றான டயசிபாம் சில பூனைகளின் கல்லீரலைச் சில நாளில் அழித்துவிடும்.

ஜூவேயின் பூனைகளிடம் கண்டது பிறகு மனிதரிடமும் தெரியவந்தது. தூக்கத்தில் உடம்பைப் பிடித்து வைக்கும் கட்டு தளர்ந்து, கனவில் வருவதையெல்லாம் கைகாலால் செய்யும் ஒரு நோயை 1986-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் மருத்துவர்கள் விவரித்தார்கள். அப்படி உதைத்துக் கத்தும் முதியவர்கள் பலருக்குச் சில ஆண்டுகள் கழித்து பார்க்கின்சன் நோய் வருகிறது. ஆகவே அப்பா தூக்கத்தில் அடிக்கிறார் என்று சிரித்துவிட்டுப் போகாமல், நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள்.

பூனை வளர்க்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இரண்டே. இந்த வாரத்தில் ஒரு மதியம் பத்து நிமிடம் பூனையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்படித் தூங்குகிறது என்று பாருங்கள். ஒரு வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கதவு திறக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றே விசாரித்து, அந்த எண்ணைக் குடும்பத்தில் எல்லோருடைய செல்பேசியிலும் பதிந்து வையுங்கள்.