சட்டிமூடி

தென்னாப்பிரிக்காவில் கிரிக்குவா இனத்தார் ஒருவர் வீட்டில், 1830 வாக்கில், சட்டியை மூட ஒரு தட்டைக்கல் இருந்ததாம். அதில் ஏதோ பல்லியின் எலும்பு அச்சு. கல் கைமாறிப் பாரீஸுக்குப் போனது. 1860களில் போல் ழெர்வே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பிராணிக்கு மீசோசாரஸ் என்று பெயரிட்டார். சட்டிக்காரருக்கு யாராவது வேறு மூடி வாங்கிக் கொடுத்தார்களா என்பதுதான் என் கவலை.

மயிலாடியில் பிறந்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும். உளிச் சத்தத்தில் விடிகிற ஊர். சாமி ஆகாமல் விண்டுபோன கல்லும் இங்கே வீணாகாது. என் ஆச்சி கருவாட்டுச் சட்டியை மூடியது ஏதோ ஒரு அம்மன் பீடத்தின் உடைந்த மூலையால். அரைப் பூவிதழ் ஒன்று அதில் செதுக்கியபடி நின்றுபோயிருக்கும். பூனை தள்ளிவிடாதா என்றால், "அம்மன் காவலு இருக்குல்லா" என்பாள். பூனையும் அதை நம்பியது.

மீசோசாரஸை நான் பல்லி என்று சொல்வது ஆய்வாளர்களுக்குப் பிடிக்காது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், ஊசி ஊசியாய்ப் பல், நீந்தத் தோதான நீண்ட வால், தடித்த விலா எலும்பு. சுமார் 28 கோடி ஆண்டுக்கு முந்தியது. மணக்குடிக் காயலில் விட்டால் ஒருவேளை பிழைத்துக்கொள்ளும். பெருங்கடல் தாண்டுகிற ஜாதி இல்லை. ஆனாலும் அட்லாண்டிக்கின் அந்தக் கரையில், பிரேசிலிலும் உருகுவேயிலும் அதே எலும்புகள்.

இரு கரையிலும் ஒரே பிராணி என்றால் நடுவில் நிலம் இருந்து முழுகியிருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கமான தீர்ப்பு. மடகாஸ்கர் லெமூர்களை வைத்து ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் இந்துமாக்கடலில் ஒரு லெமூரியாவை முழுக்கினார். பின்னால் நாம் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துக்கொண்டோம். எங்கள் தமிழ் வாத்தியார் தெற்கே கைநீட்டி அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நிலம் முழுகவில்லை, நகர்ந்தது என்று 1912இல் வெகனர் என்ற ஜெர்மானியர் சொன்னார். மீசோசாரஸ் அவர் கட்சியின் முக்கிய சாட்சியானது. வாத்தியாரை நினைத்தால் அந்தப் பல்லி மேல் எனக்கு இன்றும் சின்னக் கோபம் உண்டு.

அவ்வளவு பெரிய நிலத்தை எது நகர்த்தியது என்று கேட்டார்கள். வெகனரிடம் ஒத்துக்கொள்ளும்படியான பதில் இல்லை. 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தும் போனார். எங்களிடம் கேட்டிருக்கலாம். பக்கத்து மருத்துவாழ்மலை, அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு. தூக்கிய ஆள் யார் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இதையெல்லாம் படித்த கையோடு ஆச்சியின் மூடியைத் தேடி எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அபத்தம்தான். எங்கள் பக்கத்துப் பாறை 50 கோடி ஆண்டுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. அப்போது உலகத்தில் பல்லியே கிடையாது. அந்த வழியாக வந்த ஆசாரி நின்றார்.

"என்ன தேடுதிய அண்ணாச்சி?"

"பல்லி."

"கல்லுக்குள்ள தேரை இருக்கும்னு சொல்லுவாவ. பல்லியா?"

வாங்கி, உளியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றது.

"கேட்டியளா? உள்ள ஒண்ணும் இல்ல. நல்ல கல்லாக்கும்."