காளையின் பக்கம் நிற்பவள்

வாடிவாசலில் ஒரு காளை அவிழ்க்கப்படும்போது அது யாருடைய மாடு, எந்த ஊர் மாடு என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கோயில் காளை, நாட்டாமை காளை, அரசியல்வாதி காளை என்று எத்தனையோ பெயர்கள். சில ஆண்டுகளாக அந்த அறிவிப்புகளுக்கு நடுவே பெண் பெயர்களும் கேட்கின்றன. அவர்களில் பள்ளிக்கூட மாணவிகளும் உண்டு. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். பொங்கல் விடுமுறையில், சீருடை போடாத சீருடை வயதுப் பிள்ளைகள், தாங்கள் வளர்த்த காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டுகிறார்கள். "பயமா இல்லையாம்மா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. மாடு பிடிக்க வந்த பையனிடம் அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கம் நான் பாடம் நடத்தும் வகுப்பில் முல்லைக்கலி வரும் நாள் பையன்களின் நாள். கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். கொல்லும் காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தழுவ மாட்டாள் என்ற பொருள் வரும் இடத்தில் விசில் சத்தம்கூட எழும். அப்படி ஒரு நாளில், வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். "அம்மா, அந்த மாட்டையெல்லாம் யாரு வளர்த்தது?"

அதற்குப் பதில் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை. மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடியில் பால் உறையவில்லை. கெட்ட சகுனங்கள் தெரிகின்றன. துன்பம் நீங்கக் குரவை ஆடுவோம் என்கிறாள் மாதரி. அங்கே ஏழு காளைகள் வருணிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண். இந்தக் காளையை அடக்குகிறவனுக்கு இந்தப் பெண். இதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதை ஒட்டியே இளங்கோ இன்னொன்றும் சொல்கிறார்: தொழுவத்தில் அந்தக் காளைகளைத் தமக்கெனக் குறித்து வளர்த்தவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்களின் சொந்தப் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இட்டு ஆட வைக்கிறாள் மாதரி. காளைகளுக்கு நிறமும் சுழியும் புள்ளியும் தனித்தனியாக உண்டு. வளர்த்தவளுக்கு இரவல் பெயர்.

இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் திருப்பாவை. அதில் ஆண்டாள் எழுப்பும் நப்பின்னையும் ஏறு தழுவிக் கொள்ளப்பட்டவள்தான். கண்ணன் ஏழு காளைகளை அடக்கி அவளை மணந்தான் என்பது கதை. அந்த ஏழில் எதற்காவது நப்பின்னை தண்ணீர் காட்டியிருப்பாளா என்று எந்த உரைகாரரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்ட மாணவி வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வந்தாள். அவள் வீட்டிலும் காளை உண்டு. கன்றாக வந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. விடிகாலையில் தொழுவம் கூட்டி, பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, தண்ணீர் காட்டிவிட்டுப் பள்ளிக்கூட பஸ் பிடிப்பாள். சாயங்காலம் நடைக்கு அவிழ்த்துப் போவதும் அவள்தான். கண்மாயில் நீச்சல் விடுவதும், கொம்பால் மண் குத்தப் பழக்குவதும் மட்டும் அப்பாவும் சித்தப்பாவும். அதற்குப் பெயர் 'பயிற்சி'. அவள் செய்ததற்குப் பெயர் 'பாசம்'.

வயதுக்கு வந்தபோது பதினாறு நாள் தனியே உட்கார வைத்தார்கள். தொழுவத்துப் பக்கம் போகக் கூடாது. காளை அப்பாவை நெருங்க விடவில்லை. வைத்த தீவனம் வைத்தபடி இருந்தது. மூன்றாம் நாள் அப்பத்தாதான் வந்து கதவைத் திறந்துவிட்டதாம். "மாட்டுக்கு என்னடி தீட்டு? போய்த் தண்ணி காட்டு." அதற்குப் பிறகு மாதத்தின் அந்த மூன்று நாளும் அவளை யாரும் தொழுவத்திலிருந்து தடுக்கவில்லை. பூஜை அறைக்கு மட்டும் இன்றைக்கும் தடை இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

முதல் இரண்டு வருடம் களத்தில் காளை தம்பி பெயரில் அவிழ்க்கப்பட்டது. தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. மாட்டைக் கண்டால் திண்ணையில் ஏறிக்கொள்வான். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து தன் பெயரைச் சொல்ல வைத்தாள். "என் பேரை மைக்ல கேட்டப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துச்சும்மா. பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி இல்ல."

"காளை பிடிபட்டுச்சா?" என்று கேட்டேன்.

"என் மாட்டையா? ஒருத்தன் தொடல!"

அந்த வேகத்தில்தான் எனக்கு ஒரு பெரிய மாற்றம் பிடிபட்டது. பழைய பாட்டில் காளை அடங்க வேண்டும். அடங்கினால்தான் அதை வளர்த்தவளுக்குக் கல்யாணம். அவள் வளர்த்ததே இன்னொருவன் வெல்வதற்காக. இந்தப் பெண்ணுக்கோ காளை அடங்கக் கூடாது. அது யார் கையிலும் சிக்காமல் களத்தைக் கடந்து வருவதுதான் அவள் வெற்றி. கம்பிக்கு அப்பால் நிற்கும் வீரர்கள் யாரும் அவள் கனவில் இல்லை. அவள் காளையின் பக்கம் நிற்கிறாள். ஈராயிரம் ஆண்டுகளாகப் பரிசுப் பொருளாக நிறுத்தப்பட்டவள், பந்தயத்தில் ஒரு தரப்பாக மாறியிருக்கிறாள்.

நவீன இலக்கியமும் இவளைப் பார்க்கவில்லை. 1959இல் வெளிவந்த சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' அப்பனைக் கொன்ற காளையைத் தேடி வரும் மகனின் கதை. மகன், மச்சான், கிழவர், ஜமீன்தார், காளை என்று களம் நிறைந்திருக்கிறது. அந்தக் காளைக்குத் தவிடு கரைத்து வைத்த கை கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பெண்ணை எங்கே நிறுத்துவது என்ற சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ரோடியோ என்றொரு விளையாட்டு. முரட்டுக் குதிரை மீதும் காளை மீதும் ஏறித் தாக்குப்பிடிப்பது, கன்றுக்குச் சுருக்கு வீசுவது எல்லாம் அதில் உண்டு. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே அங்கே தேசிய அளவில் ரோடியோ சங்கம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களும் அங்கே முரட்டுக் குதிரை ஏறினார்கள். 1929இல் ஓரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் நகரில் நடந்த போட்டியில் பானி மெக்கரால் என்ற வீராங்கனை குதிரையிலிருந்து விழுந்து, சில நாட்களில் இறந்தார். பெண்டில்டனில் பெண்களுக்கான அந்தப் போட்டியே நிறுத்தப்பட்டது. பிற இடங்களிலும் மெல்ல மறைந்தது. ஆண்களும் அதே விளையாட்டில் இறந்திருக்கிறார்கள். அதற்காக ஆண்களின் போட்டி நிறுத்தப்படவில்லை. ஆண் செத்தால் வீரம். பெண் செத்தால் விதிமுறை. 1948இல் டெக்சஸில் பெண்கள் கூடித் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். இன்றும் அந்தப் பள்ளிப் போட்டிகளில் காளை ஏறுவது பையன்களின் பட்டியலில் இருக்கிறது. பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டுவதும் ஆட்டைப் பிடித்துக் கட்டுவதும் பெண்களின் பட்டியலில்.

பெண்களும் களத்தில் இறங்கித் திமிலைப் பிடிக்கட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இறங்க விரும்புகிறவளைத் தடுக்கவும் மாட்டேன். ஆண் செய்வதைச் செய்தால்தான் சமம் என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. கொம்பின் அசைவை வைத்தே மாட்டின் மனதைச் சொல்வது, சாணத்தைப் பார்த்து நோய் அறிவது, ஐந்நூறு பேர் நடுவிலும் மிரளாதபடி ஓர் உயிரைத் தன் குரலுக்குப் பழக்குவது: இவையெல்லாம் கற்றுத் தேர்ந்த திறமைகள். இவற்றைப் 'பாசம்' என்று சொல்லிச் சம்பளமும் பெயரும் இல்லாமல் ஆக்குவதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். அடுப்படியில் நடந்ததும் இதுதானே.

விலங்கு வதை என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. இரவு முழுக்கக் கடற்கரையில் தங்கிய பெண்களையும் நாடு பார்த்தது. தமிழக அரசின் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று அது செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இத்தனை வாதங்களிலும் ஒரு பக்கம் விலங்கின் வலி, மறுபக்கம் தமிழர் வீரம். தினமும் அந்த விலங்கோடு வாழ்கிறவளின் சாட்சியம் எங்கே? அவளிடம் கேட்டேன். "பயமாத்தான் இருக்கும்மா. வாலைப் பிடிச்சு முறுக்கிருவாங்களோன்னு. அவுத்து விட்டதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே இருக்காது. ஆனா களத்துக்குப் போகலேன்னா எங்க அப்பா இத வச்சிருக்க மாட்டாரு. சந்தைக்குப் போயிரும்." அன்புக்கும் ஆபத்துக்கும் நடுவே தன் காளை உயிரோடிருக்க ஒரு வழியை அவள் பேரம் பேசி வைத்திருக்கிறாள். இரு தரப்பு வழக்கறிஞர்களும் அவளிடம் வந்து கேட்டிருக்கலாம்.

அவளுக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். காளையைச் சீராகக் கூட்டிக்கொண்டு புகுந்த வீடு போகும் மணப்பெண்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருக்கிறேன். படத்தில் பட்டுப்புடவையோடு காளையும் அழகாகத்தான் இருக்கிறது. அங்கே போன பிறகு அது யார் பெயரில் அவிழ்க்கப்படும் என்று செய்தியில் போடுவதில்லை. "மாட்டோட வர்றேன்னு சொல்லிருக்கேன். எம்.ஏ. முடிச்சிட்டுத்தான்னும் சொல்லிருக்கேன்" என்றாள். இரண்டில் எதற்கு வீட்டில் சம்மதம் என்று கேட்டேன். "இன்னும் எதுக்கும் இல்லம்மா."

இந்தப் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில், ஏறு தழுவியவனின் வீரத்தை விளக்குக என்ற வழக்கமான கேள்வியை எடுத்துவிட்டு, ஏறு வளர்த்தவளின் ஒரு நாளை எழுதுக என்று கொடுத்தேன். விசிலடிக்கும் பெஞ்சிலிருந்து ஒருவன் நான்கு பக்கம் எழுதியிருந்தான். தன் அக்காவைப் பற்றி. அதிகாலையில் அவள் கையில் ஒட்டியிருக்கும் புண்ணாக்கு வாசனை, காளை மிதித்துப் பெயர்ந்த கால் நகம், அவள் கல்யாணமாகிப் போன அன்று வீட்டில் யாரும் தொழுவத்தை எட்டிப் பார்க்காதது எல்லாம் அதில் இருந்தன. அக்காவின் பெயரை முதல் வரியிலேயே எழுதி அடிக்கோடிட்டிருந்தான்.