பிடிப்பவனின் பொறுமை

கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் கபடி நடந்தால், ஏறிப் பாடுபவனுக்கே கைதட்டல். ஆயினும் 2018ஆம் ஆண்டு புரோ கபடி ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டவர், இடது மூலையில் நின்று பிடிக்கும் ஈரானிய வீரர் ஃபசல் அத்ராச்சலி.

உத்தமபாளையத்தில் வாழும் என் தங்கை மகனும் மூலையில் நிற்பவனே. அணித் தேர்வுக்குச் செல்லவிருக்கும் அவன், "எத்தனை பேரைப் பிடித்தேன் என்று சொன்னால் போதுமா, மாமா?" என வினவினான்.

போதாது. பாய்ந்து தவறவிட்டவை எத்தனை என்பதையும் ஆட்டம் அறிந்தோர் கணக்கிடுவர். அவசரப் பாய்ச்சல் எதிரணிக்குப் புள்ளியாகிவிடும். பாடி வருபவனுக்கு 30 விநாடியே அவகாசம். பக்கத்தில் நிற்பவனோடு இசைந்து, தக்க தருணம்வரை காத்திருப்பவனையே அணிகள் நாடும்.

மார்க்கம் நமக்குப் போதிக்கும் ஸபுர் களத்திற்கும் உரியதே. அதைப் பழகிச் செல்லட்டும் நம் பிள்ளைகள். முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம்.