ஆட்டம் எந்த மூட்டில்?

நாமக்கல் லாரித் தொழிலைப் பார்க்க வருகிறவர்களை எல்லாரும் பாடி கட்டும் பட்டறைக்குத்தான் அனுப்புவார்கள். வெறும் சேஸிஸாக வந்த வண்டி கேபினும் பாடியும் பெயிண்டும் ஏறி, எலுமிச்சம்பழம் நசுக்கி வெளியே போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் போனது ஓடித் தேய்ந்த வண்டிகள் வந்து நிற்கும் முன் ஆக்சில் பட்டறைக்கு. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்தரை, ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள். வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. டிரைவர்களுக்கு இடம் தெரியும், அது போதும்.

பழைய வண்டிகள் இங்கே குவிவதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. சாதாரண இரண்டு ஆக்சில் லாரிக்கு வயது 12 தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. மல்டி ஆக்சில் என்றால் 15 வரை ஓடலாம். அதன்பின் வடக்கே போன வண்டி மாநிலத்துக்குள் ஓட வேண்டும். கோழிப்பண்ணைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அதற்கு வேலை இல்லாமல் போகாது. அன்று பட்டறையில் நின்ற ஆறு சக்கர லேலண்டும் அப்படித்தான். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் ஏற்றி, துறையூர் வழியாகத் தீவன மில்லுக்குக் கொண்டுவருகிற வண்டி. ஓனரே டிரைவர்.

அவர் சொன்ன புகார் இரண்டு. வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. புது டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தாகிவிட்டது, டைராட் எண்டும் மாற்றியாகிவிட்டது. "காசு போனதுதானுங்க மிச்சம்."

மேஸ்திரி எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். "ஸ்டியரிங்கை லேசா ஆட்டுங்க மாப்ள. சக்கரம் திரும்பக் கூடாது, கை அளவுக்கு மட்டும்." டிரைவர் ஆட்ட ஆட்ட, இவர் ஒவ்வொரு மூட்டின்மீதும் விரலை வைத்துக்கொண்டே போனார். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அங்கிருந்து டிராக் லிங்க், இரு சக்கரங்களையும் சேர்க்கும் டைராட், அதன் இரு முனைகள். இரண்டு இரும்புகள் ஒன்றாக அசைந்தால் மூட்டு நன்றாயிருக்கிறது. ஒன்று அசைந்து மற்றது ஒரு நொடி தயங்கினால் அங்கே தேய்மானம். அந்தத் தயக்கத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதை நானும் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். விரல்தான் சொல்லும்.

பிறகு ஜாக்கி. ஆக்சிலைத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். சக்கரம் மேலும் கீழும் லொடக்கென்று ஆடியது. எனக்கு அதுவே விடையாகப் பட்டது. அவருக்கு அது பாதி விடை. சக்கர பேரிங் தேய்ந்தாலும் இப்படி ஆடும், கிங் பின் தேய்ந்தாலும் ஆடும். "பிரேக்கை மிதி கண்ணு" என்று பையனிடம் சொன்னார். பிரேக் பிடித்ததும் டிரம்மும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலும் ஒன்றாக இறுகிவிடும். பேரிங்கில் ஆட்டம் என்றால் அந்த நேரம் நின்றுவிட வேண்டும். மறுபடி நெம்பினார். ஆட்டம் அப்படியே இருந்தது.

"கிங் பின்னுங்க. இதை வெச்சுக்கிட்டு எத்தனை தடவை அலைன்மென்ட் பண்ணினாலும் ரோட்ல ஏறினதும் கலைஞ்சு போகும்."

சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த உருளைக் கம்பிதான் கிங் பின். ஆக்சிலின் கண்ணில் அது அசையாமல் நிற்கும், ஸ்டப் ஆக்சில் அதைச் சுற்றித் திரும்பும். மேலே ஒரு புஷ், கீழே ஒரு புஷ், வண்டியின் கனத்தைத் தாங்க ஒரு திரஸ்ட் பேரிங். புஷ் தேய்ந்தால் சக்கரம் சாய்கிறது, டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது.

இழுவைக்கு வேறு காரணமும் கிடைத்தது. இரண்டு பக்கமும் முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில்வரை டேப் பிடித்தபோது அளவு ஒத்துவரவில்லை. இடதுபக்க யு போல்ட் தளர்ந்து, ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்திருந்தது. ஒரு போல்ட் அறுந்த கதை இது. டயரும் டைராட் எண்டும் வாங்கும் முன்பே யாராவது டேப் பிடித்திருந்தால் போதும்.

கழற்றுவதுதான் கடினம். கிரீஸ் பார்க்காத கிங் பின் துருவேறி ஆக்சிலோடு ஒட்டிப்போயிருந்தது. பூட்டுப் பின்னைத் தட்டி எடுத்து, கேஸ் வெல்டிங் டார்ச்சால் சூடுகாட்டி, சம்மட்டியால் மாறி மாறி அடித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே பின் இறங்கியது. ஸ்டப் ஆக்சில் லேத் பட்டறைக்குப் போய்ப் புது புஷ் ஏறி வந்தது. வந்ததும் மேஸ்திரி பார்த்தது புஷ்ஷின் துளையை. கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக அது அமரவில்லையென்றால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. பிறகு நீண்ட ரீமரை மேல் புஷ், கீழ் புஷ் இரண்டிலும் ஒரே ஓட்டமாகச் சுழற்றினார். தனித்தனியாகக் கடைந்தால் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. கட்டைவிரலால் அழுத்தினால் பின் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், அதேசமயம் ஆடவும் கூடாது.

ஆக்சில் கண்ணே தேய்ந்து அகன்றுவிட்ட வண்டிகளும் வருகின்றன. அப்போது பின்னுக்கு மெல்லிய தகடு சுற்றி அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. இவர் செய்வதில்லை. கண்ணைக் கடைந்து ஸ்லீவ் போட வேண்டும், அல்லது ஆக்சிலை மாற்ற வேண்டும். டிராக் லிங்கில் வெல்டிங் வைத்துத் தரச் சொன்னால் வண்டியை எடுத்துப் போகச் சொல்லிவிடுவாராம். இதில் அவர் பிடிவாதம் சரி. பெங்களூருவிலிருந்து சேலத்துக்குத் தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும் லாரியில் டிராக் லிங்க் விட்டுப்போனால் டிரைவர் கையில் இருப்பது வெறும் வளையம்.

பவர் ஸ்டியரிங் பற்றிக் கேட்டேன். "அது சொகுசுதானுங்க. ஆனா மூட்டுல ஆட்டம் இருந்தா முந்தியெல்லாம் கைக்கு வந்துரும். இப்ப டயர் சொன்னாத்தான் தெரியுது."

கடைசியில் டோ-இன். முன் சக்கரங்கள் முன்பக்கம் சில மில்லிமீட்டர் நெருங்கி நிற்க வேண்டும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னும் பின்னும் அளந்து, டைராடைத் திருகினார். அதன் ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி, ஆகவே குழாயைத் திருகினாலே நீளம் மாறும். ஆக்சில் ஜாக்கியில் நிற்கும்போதே கிரீஸும் அடித்தார்கள். சக்கரம் தரையில் நின்றால் கனம் திரஸ்ட் பேரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும், அந்த இடுக்கில் கிரீஸ் புகாது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அவசரமாகக் கன் பிடிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பில்லைப் பார்த்தேன். கிங் பின் செட், சென்டர் போல்ட், யு போல்ட், லேத் கூலி, ஃபிட்டிங் கூலி. சாக்கில் படுத்து விரலால் தேடிய நேரத்துக்கு ஒரு வரியும் இல்லை. கேட்டதற்கு, "பாக்கறதுக்கெல்லாம் யாருங்க காசு குடுப்பாங்க" என்றார். இந்த வண்டிக்கு முன்பு வீணான பணம் முழுவதும் அப்படிப் பார்க்காததால் போனது. ஆகவே லாரி உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள்: பாகம் வாங்கும் முன் சோதனைக்கென்று தனிக் கூலி பேசுங்கள், அதைப் பில்லில் எழுதச் சொல்லிக் கொடுங்கள்.