நாற்பது நிமிடமும் நாலு நிமிடமும்

“வீடியோ ரொம்ப நல்லா இருந்திச்சு அண்ணி!” என்று என் நாத்தனார் போனில் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னே என்ன? நானே பேசி, நானே பதிவு செய்து அனுப்பிய முதல் பாடம் அல்லவா? அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் கேசரி கிளறிக் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு வளைகாப்புக்காகக் கும்பகோணம் போனேன். நாத்தனார் வீட்டில்தான் தங்கல். அலமாரிக்கு மேலே நான் கொடுத்த லேப்டாப், பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தையல் மெஷின் பக்கத்தில், கடையில் காசு கொடுத்து வாங்கிய டிசைன் தாள்கள் மூன்று. ஒவ்வொன்றும் 150 ரூபாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவளே மெதுவாகச் சொன்னாள்.

“ஆறு நிமிஷத்துக்கு மேல பார்க்க முடியலை அண்ணி. நீங்க சொல்லிக்கிட்டே போறீங்க, அம்புக்குறி அங்கேயும் இங்கேயும் ஓடுது. புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருக்கீங்களே...”

எனக்குச் சுருக்கென்றது. கோபம் அவள் மேல் இல்லை, என் மேலேயேதான்.

கொஞ்சம் முன்கதை சொல்கிறேன். 2023-ல் அவள் கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள். அவள் கற்றிருந்த ஆரி வேலைதான் வீட்டைத் தாங்கியது. முகூர்த்த மாதங்களில் கல்யாண பிளவுஸ்கள் நிறைய வரும். ஆனால் கழுத்துக்கும் கைக்கும் வேண்டிய டிசைனை வரைந்துகொள்ள அவளால் முடியவில்லை. கடையில் வாங்கினால், இவள் போட்ட டிசைனையே பக்கத்துத் தெருக்காரியும் போட்டிருப்பாள்! தானே வரைந்தால் காசும் மிச்சம், பெயரும் கிடைக்கும்.

நானோ கல்யாணத்துக்கு முன் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டரில் பூவும் கொடியும் வரைந்தவள். பின்னாளில், கோயம்புத்தூரில் என் பையன் ‘இங்க்ஸ்கேப்’ என்ற மென்பொருளை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான். 2003-ல் தொடங்கப்பட்டது அது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்ப்பது. இதைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். பலகாரத்தோடு செய்முறையையும் சேர்த்துக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். காசு கிடையாது, அடுத்தவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை. நாத்தனாருக்குப் பழைய லேப்டாப்பில் இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். கோவைக்கும் கும்பகோணத்துக்கும் நினைத்தபோது போய்வர முடியுமா? அதனால்தான் வீடியோ.

அந்த முதல் வீடியோவை ஊர் திரும்பியதும் போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடம்! முதல் பத்து நிமிடம் எந்தப் பொத்தான் எதற்கு என்ற வர்ணனை. நடுவில் குக்கர் மூன்று விசில். “இது இப்போ வேண்டாம், அப்புறம் சொல்றேன்” என்று பதினொரு இடத்தில் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருந்தேனே தவிர, அவளுக்கு எது வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. புதுசாகச் சமைக்க வந்த பெண்ணிடம் அஞ்சறைப் பெட்டியின் வரலாற்றைச் சொன்னால் ரசம் எப்போது வைப்பது?

மும்பை ஐ.ஐ.டி.யில் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட இலவச மென்பொருள்களைக் கற்றுத்தரும் பாடங்களைத் தமிழ் உள்படப் பல இந்திய மொழிகளில் தருகிறார்கள். ஒரு பாடம் ஏறக்குறையப் பத்து நிமிடம்தான். முதலில் எழுதிக்கொள்கிறார்கள், அப்புறம்தான் பதிவு. தாளில் இரண்டு பத்தி. ஒன்றில் திரையில் என்ன நடக்கிறது, மற்றதில் என்ன பேசுவது. எழுதியதை அந்த மென்பொருளே தெரியாத ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். திரையில் பாதியில் பாடம், பாதியில் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு கூடவே செய்துபார்க்கச் சொல்கிறார்கள்.

எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. பையனின் மிச்சமான கோடுபோட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கண்ணுக்கு, வலது பக்கம் காதுக்கு.

ஆனால் எழுதுவதற்கு முன் நாத்தனாரிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அடுத்த வாரம் நீ என்ன தைக்கப் போறே?”

“மாங்காய் வெச்ச கழுத்து அண்ணி. கையில எட்டு இதழ் பூ.”

அவ்வளவுதான், பாடத்திட்டம் தயார்! முதல் பாடம் மாங்காய், இரண்டாவது பூ.

மாங்காய்க்கு வளைகோடு வரையும் பேனாக் கருவியைச் சொல்லித்தர நினைத்திருந்தேன். புதியவர்கள் அதில் புள்ளி மேல் புள்ளி வைத்துத் தடுமாறிப் போவார்கள். அதை விட்டேன். ஒரு வட்டம் போடச் சொன்னேன். ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் வட்டத்தைச் சுற்றி நாலு புள்ளி தெரியும். மேல் புள்ளியைக் கூராக்கி, ஒரு பக்கமாக இழுத்து வளைத்தால் மாங்காய்! நாலே புள்ளி, நாலே நிமிடம்.

பூவுக்கு ஒரே ஒரு இதழ் போதும். அதன் மேல் இரண்டாம் தடவை கிளிக் செய்தால் நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி வரும். அதை இதழின் அடிக்கு நகர்த்த வேண்டும். பிறகு கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் அதே இடத்தில் இன்னொரு இதழ். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் 15 பாகை, 15 பாகையாக நகரும். மூன்று நகர்வு 45 பாகை. எட்டு இதழுக்கு 360 பாகை சரியாக நிறைந்துவிடும். கோலத்துக்குப் புள்ளி எண்ணுகிற நமக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

மூன்றாவதாக, கழுத்தின் பாதியை வரைந்து கண்ணாடி பிம்பம் போல் திருப்புவது எப்படி என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். “பேப்பரை ரெண்டா மடிச்சு ஊசியால குத்தினா மறுபாதி வந்துடுமே அண்ணி! இதுக்கு எதுக்கு ஒரு பாடம்?” உண்மைதானே! ஆரி வேலையில் தாளில் துளை குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத்தான் துணியில் டிசைனை இறக்குவார்கள். அவள் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததை நான் எதற்குச் சொல்லித்தர வேண்டும்? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

பதிவு செய்வதிலும் சில ஏற்பாடுகள். பிற்பகல் இரண்டு மணி, ஃபேன் நிறுத்தம், அடுப்பு அணைப்பு. ஆரம்பத்திலேயே முடிந்த மாங்காயைக் காட்டிவிடுவது. பலகாரத்தின் படத்தைப் பார்த்தால்தானே செய்யக் கை வரும்? என் கம்ப்யூட்டரிலும் அவள் லேப்டாப்பிலும் ஒரே பதிப்புதானா என்று பார்த்துக்கொள்வது. பதிப்பு மாறினால் மெனுவும் இடம் மாறி, பாவம், தேடித் தவிப்பாள். எந்தப் பாடமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஏனென்றால் அவள் பார்ப்பது ராத்திரி பத்து மணிக்கு மேல், நாளெல்லாம் ஜரிகையைப் பார்த்துக் களைத்த கண்ணோடு. “பாடம் முடிஞ்சதும் ஜன்னல் வழியா தூரத்துல கொஞ்ச நேரம் பாரு” என்றும் கடைசியில் சொல்லி வைத்தேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலை போன். குரலே சரியில்லை.

“அண்ணி, கழுத்து அரை இஞ்ச் சின்னதா விழுந்திருக்கு. பட்டு பிளவுஸ் பிட்டுல இறக்கிட்டேன். நாளன்னிக்குக் கொடுக்கணும்!”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரையில் அளவு சரியாகத்தான் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்று இருந்திருக்கிறது. தாளுக்குள் அடக்குவதற்காக அச்சுப்பொறி டிசைனைச் சுருக்கிவிட்டது. தவறு கடைக்காரர் மேல் இல்லை, அவள் மேலும் இல்லை. அச்சிடுவது தனக்கே தெரியும் விஷயம் என்று நான் அதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. அவள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்துத் துடைத்துத் தடம் போக்கி, வேறு தாள் எடுத்து இரவெல்லாம் கண் விழித்து முடித்துக் கொடுத்தாள். பட்டு கெடாமல் தப்பியது கடவுள் புண்ணியம்.

தெரிந்ததை விடுவது எவ்வளவு முக்கியமோ, தெரியாததை விடாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம் என்று அன்றுதான் உறைத்தது. எது தெரியும், எது தெரியாது என்பதைக் கற்றுக்கொள்கிறவளிடம்தான் கேட்க வேண்டும். நாமே முடிவு செய்துகொள்ளக்கூடாது.

அன்றே அடுத்த பாடத்தை எழுதினேன். மூன்று நிமிடம். டிசைன் பக்கத்தில், ஓரமாக, சரியாக ஒரு இஞ்ச் சதுரம் ஒன்று போட வேண்டும். நூறு சதவிகித அளவில் அச்சிடச் சொல்ல வேண்டும். தாள் கைக்கு வந்ததும் முதல் வேலை, டேப்பால் அந்தச் சதுரத்தை அளப்பது. ஒரு இஞ்ச் இருந்தால்தான் ஊசியை எடுப்பது. இல்லாவிட்டால் தாளைக் கசக்கிப் போடுவது. பட்டைவிடத் தாள் மலிவு!

இப்போது அவள் கடையில் டிசைன் வாங்குவதில்லை. போன மாதம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் குரல்! பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக எடுத்ததாம். மூன்றே நிமிடம், மயில் கழுத்து வரைவது. குக்கர் சத்தம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, “முதல்ல ஓரத்துல ஒரு இஞ்ச் பெட்டி போட்டுக்குங்க. ஏன்னு அப்புறம் கேளுங்க, அது ஒரு கதை!” என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் கொஞ்சம் ஈரம்.

சகோதரிகளே, உங்களுக்குத் தெரிந்த கைவேலையை யாருக்காவது சொல்லித்தர ஆசையா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், நாளைக்கு அவள் எதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதை மட்டும் நோட்டில் எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் பதிவு செய்யுங்கள்.

ஒன்று மட்டும். இப்போதெல்லாம் “உங்கள் பாடம் ரொம்ப நல்லா இருந்தது” என்று யாராவது சொன்னால் நான் கேசரி கிளறுவதில்லை. “என்ன வரைஞ்சே? காட்டு பார்க்கலாம்” என்றுதான் கேட்கிறேன்.