ஒரு கிழமை ஊழியம்

கியூபெக்கில் நாங்கள் முதலில் பழகிய பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் தேவாலயத்துக்குரியவை. குசினியில் கோப்பை விழுந்து உடைந்தால் தலைமைச் சமையற்காரர் 'தாபர்நாக்' என்பார். அது நற்கருணைப் பேழை. எண்ணெய் கையில் தெறித்தால் 'காலிஸ்'. அது பூசைக் கிண்ணம். ஓடர் பிந்தினால் 'ஓஸ்தி'. அது எங்கள் ஊர்க் கத்தோலிக்கரும் சொல்கிற அதே ஓஸ்திதான். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாரென்றால் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஊரில் கோபம் வந்தால் தாயையும் சகோதரியையும் இழுப்பார்கள். இங்கே கோயில் சாமான்களை இழுக்கிறார்கள். இது எவ்வளவோ மேல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1960க்கு முன்னர் இந்த மாகாணத்தில் பிரெஞ்சு மக்களின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிறப்பு இறப்புப் பதிவு என்று பெரும்பாலும் எல்லாமே கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. 1960இல் தொடங்கிய 'அமைதிப் புரட்சி' அவற்றை அரசாங்கத்தின் கைக்கு மாற்றியது. 1964இல் கல்வி அமைச்சு வந்தது. மதவாரியாக இருந்த பாடசாலைச் சபைகள் 1998இல் மொழிவாரியாக மாறின. 1936இல் சட்டசபையில் மாட்டிய சிலுவையை 2019இல் கழற்றினார்கள். ஒரு தலைமுறைக்குள் சனம் பூசைக்குப் போவதை விட்டுவிட்டது. மிஞ்சியவை இந்தத் திட்டுகளும் தெருப் பெயர்களும்தான். மொன்ட்ரியால்-நோரின் பெரிய தெரு பீ-நெஃப். அதாவது பாப்பரசர் ஒன்பதாம் பயஸ். நாங்கள் வேலைக்குப் போகும் 439ஆம் இலக்க பஸ் அவருடைய தெருவில்தான் ஓடுகிறது.

ஆகவே அமெரிக்க சுவிசேஷ சபைகளுக்குக் கியூபெக் ஒரு 'வயல்'. வட அமெரிக்காவுக்குள்ளேயே நற்செய்தி மிகக் குறைவாக எட்டிய இடம் இது என்பது அவர்களின் பேச்சு. ஆபிரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ போக விமானச் செலவு அதிகம். இங்கே வானில் ஏறி எல்லையைக் கடந்தால் ஒரு மணித்தியாலத்தில் மொன்ட்ரியால். ஒரு கிழமை லீவு போட்டு ஊழியம் செய்துவிட்டுத் திரும்பும் இந்தப் பயணங்கள் இன்று பெரிய இயக்கமாகிவிட்டன. 2005ஐ ஒட்டிய காலத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 16 இலட்சம் அமெரிக்கர்கள் இப்படி வெளிநாடுகளுக்குப் போகிறார்கள் என்று றொபேட் வூத்னோ என்ற சமூகவியலாளர் மதிப்பிட்டார். எங்கள் ஊரின் முழுச் சனத்தொகையையும்விடக் கூடிய தொகை.

போன கோடையில் அப்படி வந்த பன்னிரண்டு பேர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். தெற்கு மாநிலம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். பீ-நெஃப் தெருவில் ஒரு பழைய கடையைச் சபையாக்கி வைத்திருக்கும் ஹெயிட்டிப் பாஸ்ரர் ஒருவர்தான் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார். ஒரே நிறத்தில் மேற்சட்டை. கையில் பிரெஞ்சுத் துண்டுப்பிரசுரம். ஆனால் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பாஸ்ரரின் சபைப் பிள்ளைகளை மொழிபெயர்க்கப் பிரித்து விட்டிருந்தார்கள்.

மொன்ட்ரியால்-நோரைத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள வேடிக்கை உடனே விளங்கும். கியூபெக் மதத்தை விட்டது உண்மை. ஆனால் இந்தப் பகுதி விடவில்லை. ஹெயிட்டியர்கள் இருக்கிறார்கள், மத்திய, தென் அமெரிக்கர்கள் இருக்கிறார்கள், அராபியர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்ட குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் சனத்தைப் பார்த்தால் எங்களுக்கு ஊர்த் திருவிழா ஞாபகம் வரும். 2008 ஓகஸ்ட் 9இல் பதினெட்டு வயது ஃபிரெடி வில்லனுவேவாவைப் பொலிஸ் சுட்டுக் கொன்று, அடுத்த நாள் தெருக்கள் எரிந்தபோதுதான் மற்ற மொன்ட்ரியாலுக்கு இந்த இடத்தின் பெயர் ஞாபகம் வந்தது. 2020இல் கொரோனாவின் முதல் அலையில் நகரத்தில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்றாகி, திரும்பவும் ஞாபகம் வந்தது. முதியோர் இல்லங்களில் உடம்பு கழுவிவிட வேலைக்குப் போனவர்கள் இங்கேயிருந்துதான் போனார்கள். இங்கே ஜெபத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பவை வேறு.

எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு ஹெயிட்டி ஆச்சி இருக்கிறா. அவவின் கதவைத்தான் முதலில் தட்டியிருக்கிறார்கள். ஆச்சி அவர்களை உள்ளே கூப்பிட்டு, எல்லோரையும் முழங்காலில் இருத்தி, அவர்களுக்காகவும் அவர்களின் நாட்டுக்காகவும் அரை மணித்தியாலம் கிரயோல் மொழியில் ஜெபித்திருக்கிறா. கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் விழித்தோம். திங்கட்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. ஞாயிறு இரவு வேலை முடிந்து விடிய இரண்டு மணிக்குப் படுத்தவர்கள் பதினொரு மணிக்கும் படுக்கையில்தான் கிடந்தோம்.

பிறகு மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நடுத்தர வயதுக்காரர் ஒருவர், மொழிபெயர்க்க வந்த ஹெயிட்டிப் பொடியன். நாங்கள் மூன்று பேர். ஒருவர் மானிப்பாய், ஒருவர் சாவகச்சேரி, இளையவர் முல்லைத்தீவு. ஒருவர் கோப்பை கழுவுகிறோம், ஒருவர் மரக்கறி வெட்டுகிறோம், ஒருவர் அடுப்பில் நிற்கிறோம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டு ஓடிவந்தவரும் எங்களுக்குள் உண்டு. படிப்பு எது, அடுப்பு எது என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்தவர்களைக் கதவில் நிற்கவைத்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டோம். அந்தப் பெண் முருகன் படத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ரெலிபோனில் தேடித் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் காட்டினாள். பெருமையோடுதான் காட்டினாள். தமிழ்நாட்டில் எழுதியது. 'கர்த்தருக்குள் பிரியமானவர்களே' என்று தொடங்கியது.

பிறகு கையிலிருந்த மட்டையைப் பார்த்து, வரிசைப்படி கேள்விகளைக் கேட்டாள். மூன்றாவது கேள்வி: "இன்றிரவு நீங்கள் இறந்தால் எங்கே போவீர்கள் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இளையவர்தான் பதில் சொன்னார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில், மெதுவாக. 2009இல் தனக்குப் பதினைந்து வயது, முள்ளிவாய்க்காலில் இருந்தது, அங்கே எல்லோரும் ஒவ்வொரு இரவும் இந்தக் கேள்வியோடுதான் பங்கருக்குள் படுத்தது, மேலே போவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை, விடிந்தால் பிரேதத்தை எங்கே தாழ்ப்பது என்றுதான் யோசித்தது.

மட்டையில் அதற்கு அடுத்த கேள்வி இல்லை. அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்காக நான் எதைக் கேட்டு ஜெபிக்கலாம்?" என்றாள். அடுத்த கிழமை வியாழக்கிழமை தனக்கு அகதி விசாரணை இருக்கிறது என்றார் இளையவர். அவள் ஒரு கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதினாள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று மூன்று தரம் கேட்டாள். தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றிரவு எங்களுக்குள் சண்டை. மானிப்பாய்க்காரர் சொன்னார்: "ஊரிலை அல்லேலூயாக்காரர் படலையைத் திறந்தாலே அம்மா விளக்குமாறு எடுக்கிறவ. நீர் கதை சொல்லி அனுப்புறீர்." சாவகச்சேரிக்காரர் விடவில்லை: "அண்ணை, உங்கடை மானிப்பாயிலை ஆஸ்பத்திரி கட்டினது ஆர்?"

அதுவும் சரிதான். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன்காரர் ஒரு கிழமைக்கு வரவில்லை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கினார்கள். உடுவிலில் 1824இல் பெண்கள் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833இல் அங்கேயே இறந்துபோனார். வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, இடையில் சில வருடம் போய்த் திரும்பி, 1873 வரை இருந்தார். தமிழ் படித்து, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். வந்தவர்கள் மதம் மாற்றத்தான் வந்தார்கள், அதை ஒளிக்கவுமில்லை. ஆனால் அதற்கு மொழியைப் படிக்க வேண்டியிருந்தது, வெயிலிலும் வாந்திபேதியிலும் கிடக்க வேண்டியிருந்தது. அவர்களோடு மல்லுக்கு நின்ற ஆறுமுக நாவலரும் வெஸ்லியன் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர்தான். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கம் பாதிரிமாரிடம் கற்ற வித்தை.

"நாவலர் எங்களுக்கு ஆரைக் காட்டினவர்?" என்று கேட்டார் சாவகச்சேரிக்காரர். அவருடைய பாட்டனார் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். மிஷன் பள்ளிக்கூடத்திலும் முதலில் நிலத்தில்தான் இருந்தார். 1930ஐ ஒட்டிய சம ஆசனப் போராட்டத்துக்குப் பிறகே வாங்கு கிடைத்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் கதவு யாருக்காகச் சாத்தப்பட்டது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே 'எங்கள் சமயம்' என்று ஒருவர் சொல்லும்போது அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் எங்கள் மூன்று பேரும் ஒரேயளவாக அடங்குவதில்லை. ஒரே அறை வாடகையைப் பங்கு போடுகிறவர்கள் இதை அன்றுதான் வாய்விட்டுப் பேசினோம்.

இளையவர் கடைசியில் சொன்னார்: "நான் மாறப்போறன் எண்டு சொல்லேல்லை. ஆராவது திகதியை எழுதி வைச்சினம். எனக்கு அது காணும்."

கதவைத் தட்டுகிற உரிமையும் இந்த மாகாணத்தில் சும்மா கிடைத்ததல்ல. பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை சொன்ன கதை ஒன்று றெஸ்ரோறன்ற்காரரான எங்களுக்கு மறக்காது. 1940களில் யெகோவாவின் சாட்சிகள் தெருவில் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் பொலிஸ் பிடித்தது. கிறெசென்ற் வீதியில் றெஸ்ரோறன்ற் வைத்திருந்த பிராங் ரொன்கரெல்லி 380 பேரளவில் பிணை நின்று வெளியே எடுத்தார். முதல்வர் டுப்ளெஸியின் உத்தரவில் 1946 டிசம்பரில் அவருடைய மதுபான அனுமதியைப் பறித்தார்கள். பொலிஸ் வந்து போத்தல்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் குடும்பத்திடம் 34 வருடங்கள் இருந்த அனுமதி. கடை நொடித்துப்போனது. கவிஞரும் சட்டப் பேராசிரியருமான எஃப். ஆர். ஸ்கொற் அவருக்காக வாதாடினார். 1959இல் உச்ச நீதிமன்றம் ரொன்கரெல்லியின் பக்கம் தீர்த்து, 33,123 டொலர் கொடுக்கச் சொன்னது. முதல்வராக இருந்தாலும் நினைத்தபடி ஒருவரின் பிழைப்பைக் கெடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டசபையில் சிலுவை மாட்டியதும் அதே டுப்ளெஸியின் அரசாங்கம்தான் என்பது இன்னொரு விடயம். ஒரு முதலமைச்சரைக் கோட்டுக்கு இழுத்து ஒரு கடைக்காரர் வெல்லக்கூடிய நாட்டைத் தேடித்தானே நாங்களும் வந்தோம்.

வந்தவர்கள் வாரமுடிவில் பூங்காவில் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டுக் காட்டி, சொசேஜ் சுட்டுக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கள் சபையில் எங்களைப் பற்றிச் சொல்வார்கள். எப்படிச் சொல்வார்கள் என்பதில் எங்களுக்குக் கைவசம் ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பெண் எழுதிய கொப்பியை அன்று மாலை ஜெபத்தில் வாசித்திருக்கிறார்கள். பாஸ்ரர் திகதியைக் கேட்டிருக்கிறார். அவருடைய சபையில் பாதிப்பேர் 2017க்குப் பிறகு றொக்ஸம் பாதையால் நடந்து வந்தவர்கள். விசாரணை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இப்போது விசாரணைகள் பெரும்பாலும் கணினித் திரையில்தான் நடக்கின்றன. அதற்கு மூடிய அறை வேண்டும், அறுந்துபோகாத இன்ரநெற் வேண்டும், இடையில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இம்மூன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை பாஸ்ரர் படியேறி வந்து, சபையின் பின்னறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை இளையவர் அந்த அறையில் மூன்று மணித்தியாலம் இருந்தார். நாங்கள் ஆளுக்கு அரை நாள் சம்பளத்தை விட்டு வெளியே வாங்கில் காத்திருந்தோம். கீழ்மாடி ஆச்சி சிவப்பு அவரைச் சோறு கொண்டுவந்தா. பழைய சாமங்களை ஒரு நாளில் திரும்பச் சொல்லிவிட்டு வந்தவருக்குத் தொண்டை அடைத்திருந்தது, சோறுதான் இறங்கியது.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பெண் பாஸ்ரரின் ரெலிபோனுக்கு எழுதிக் கேட்டாள், வியாழக்கிழமை என்ன நடந்ததென்று. பெயரைச் சரியாக எழுதியிருந்தாள். தீர்ப்பு கடிதமாக வரும் என்று இளையவர் பதில் போட்டார்.

கடிதம் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் எங்கள் கடையில் கோப்பை கழுவும் இன்னொரு பொடியனுக்கு விசாரணை. பின்னறைச் சாவிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.