எறும்புக்கு ஒரு மனை

கறையான் எடுத்த புற்றிற் பாம்பு குடிபுகுந்ததாகக் கூறும் பழமொழி, வீட்டின் உரிமையைப் பற்றிப் பேசுகின்றது. அதன் பொருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. எறும்புக் குடியொன்றை வளர்க்க விரும்புவோன் முதலில் எதிர்கொள்வதோ பொருத்தம் என்னும் வினாவையே.

மனிதன் எறும்புக்கு மனை சமைத்த வரலாறு சுவையானது. ஆங்கிலேயரான ஜோன் லபொக், இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய மண்படையை இட்டு எறும்புகளை வளர்த்தார். அவரிடமிருந்த அரசியொன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்து 1888இல் இறந்தது. பிரான்சியரான சார்ள்ஸ் ஜனே, பரிசுச் சாந்தில் அறைகளைக் குடைந்து ஒரு முனையை ஈரமாகவும் மறுமுனையை உலர்வாகவும் வைத்தார். எறும்புகள் தம் குடம்பிகளைத் தமக்கு உகந்த அறைக்குத் தாமே சுமந்து சென்றன. வளர்ப்பவன் தீர்மானிக்க வேண்டியதை வாழ்பவற்றிடமே ஒப்படைத்தமை அவ்வமைப்பின் சிறப்பாகும்.

நூல்கள் கூறும் முறைகளை அவ்வாறே பொல்பிட்டியவிற் கைக்கொள்ளல் இயலாது. குளிர்நாட்டார் தம் எறும்புகளுக்கு மாரிகால உறக்கத்தை வகுப்பர். கூடு உலர்ந்துவிடுமோ என்றும் அஞ்சுவர். 1969 முதல் நீர்மின் நிலையம் இயங்கிவரும் இவ்வூரிலோ உறக்கத்துக்குரிய கடுங்குளிர் இல்லை, ஈரத்துக்கும் குறைவில்லை. அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. ஆதலின் இங்கு அஞ்சத்தக்க பகை வறட்சியன்று, பூஞ்சணமே. காற்றோட்டமும் உலர்ந்த மூலையொன்றும் இல்லாத கூடு சில கிழமைகளிற் பாழாகும்.

மழை ஓய்ந்த மாலையில் இறகுதிர்த்து அலையும் இளம் அரசிக்கு மாளிகை வேண்டுவதில்லை. ஒரு சோதனைக் குழாய் போதும். அடியில் நீர், அதனைத் தடுக்கப் பஞ்சு, நடுவில் அரசி, வாயில் மீண்டும் பஞ்சு, பின்னர் இருள். பல இனங்களில் அரசி உணவின்றியே தன் பறத்தற் தசைகளைக் கரைத்து முதற் குஞ்சுகளை ஊட்டுகின்றாள். அக்காலத்தில் அடிக்கடி ஒளிபாய்ச்சிப் பார்க்கும் ஆர்வமே அவளுக்குக் கேடாய் முடிவதுண்டு. பேரிடம் அளித்தலும் நன்றன்று. பயன்படாத அறைகளை எறும்புகள் குப்பைக் கிடங்காக்க, அங்கிருந்தே பூஞ்சணம் பரவும். குடி பெருகப் பெருகவே மனையும் பெருகவேண்டும்.

மனை தேடிக் கொடுக்கக் கூடாத எறும்பும் ஒன்றுண்டு. 1893இல் எமரி விவரித்த அனியூறெற்றசு சிமோனி, தன் உபகுடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம், இலங்கைக்கே உரியது. 1955இல் இங்கு வந்த எட்வர்ட் வில்சன் அதனை இரத்தினபுரிப் பகுதிக் காட்டில் மீண்டும் கண்டார். உதிர்ந்து உக்கும் சுள்ளியே அதன் இல்லம். அதனைக் காத்தலாவது, அந்தக் காட்டைக் காத்தலேயாம்.

மலையகத்தார்க்கு இவ்வினா புதிதன்று. பிரித்தானியர் காலத்து லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா ஒன்றே வகுக்கப்பட்டது. அவ்வளவு, கொழுந்து பறிக்கும் கைகளின் தொகையைக் கருதி எழுந்ததேயன்றி, அங்குப் பிறந்து வளரும் குழந்தைகளைக் கருதி எழுந்ததன்று. பல குடும்பங்கள் இன்றும் அக்காம்பராக்களிலேயே வாழ்கின்றன. அத்தகைய காம்பராவின் மூலையில் எறும்புக்குக் குழாயொன்றை அமைக்கும் சிறுவன், ஈரம் எங்கே, உலர்வு எங்கே, குடி பெருகினால் இடம் எங்கே என்று வாழும் உயிரின் பக்கம் நின்று கேட்கின்றான். அவனுடைய பாட்டன் குடியேறியபோது எவரும் கேளாத கேள்விகள் அவை.